நூறிலிருந்து ஏழு ஏழாக

1

இதைக் கல்லூரி இதழின் நகைச்சுவைப் பக்கத்துக்காகத்தான் ஆரம்பித்தேன். கையில் கிடைத்த சரக்கு அப்படி. அரசு காப்பீட்டு அட்டையை ஏற்கும் முதியோர் மருத்துவர்கள் என்று ஒரு பட்டியல். மொத்தம் பதினொரு பேர். எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்கா, தையற்கடையில் துணி வெட்டுபவள், தன் அப்பாவுக்காக எல்லோருக்கும் போன் போட்டாள். இரண்டு பேர் அட்டை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். மூன்று பேர் எடுக்கவே இல்லை. மூன்று எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒரு எண்ணில் பேக்கரி. ஒரு டாக்டர் ஓய்வுபெற்று, இப்போது தனக்கே ஒரு முதியோர் மருத்துவரைத் தேடிக்கொண்டிருந்தார். "கிடைச்சா எனக்கும் சொல்லும்மா" என்றாராம்.

இதுவரை சிரித்திருந்தால் நல்லது. இனிமேல் உத்தரவாதம் இல்லை.

2

முதல் தொடக்கம்: ‘நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு, தான் நிற்பது எந்த மாடி என்பதே…’

(அடித்துவிட்டேன். சாமர்த்தியம் வழிகிறது. அவர் மறந்தது மாடியை அல்ல, அடுப்பை.)

இரண்டாவது தொடக்கம்: அக்காவின் அப்பா இரண்டு முறை அடுப்பை எரியவிட்டு வெளியே போய்விட்டார். ஒருமுறை யாரோ ஒரு லாரி டிரைவர் கொண்டுவந்து விட்டார். அதிலிருந்து, அக்கா வேலைக்குப் போகும்போது அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாள். நோய்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், பகலில் பார்த்துக்கொள்ள அட்டையிலேயே ஓர் ஆள் கிடைக்கும். எழுதாவிட்டால் பூட்டுதான்.

3

பதினொன்றாவது எண்ணில் அட்டை செல்லும் என்றார்கள். ஐந்து மாதம் கழித்துத் தேதி. டாக்டர் என்ன கேட்பார் என்று அக்கா விசாரித்தாள். வரவேற்பில் இருந்த பெண் நல்லவள். (கதைக்கு ஒரு வில்லன் தேடினேன். இவள்தான் கிடைத்தாள்.)

"நூறுலேருந்து ஏழு ஏழா கழிக்கச் சொல்வாருக்கா. கிழமை, தேதி கேப்பாரு. அப்புறம் ரோஜா, சாவி, ரயில்னு மூணு வார்த்தை சொல்லிட்டு, கொஞ்சம் கழிச்சு திருப்பிக் கேப்பாரு."

ஸ்பீக்கரில் அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பரீட்சையா? முன்னாடியே சொல்ல மாட்டியா?"

"பரீட்சை இல்லப்பா. சும்மா பேசுவாங்க."

"தெரியலன்னா அந்தாளு முன்னாடி மானம் போயிடும். உக்காரு, சொல்லிக் குடு."

ஐந்து மாதமும் சாயங்காலம் இதுதான். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது வரை ஜம்மென்று வருவார். அடுத்ததில் தடுக்கி விழுவார். "எழுபத்திரண்டை எவன் கண்டுபுடிச்சான்?" என்பார். இருவரும் சிரிப்பார்கள்.

(இந்த இடத்தில் அக்காவை நான் நம்பவில்லை. இது எங்கே போய் முடியும் என்று தெரியாத அளவுக்கு அவள் ஒன்றும்… தெரிந்திருக்கும். ஆனால் அவர் அவளோடு இவ்வளவு பேசி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.)

4

தேதியையும் கிழமையையும் பஸ்ஸில் இருபது முறை சொல்ல வைத்துக் கூட்டிப்போனாள். டாக்டர் கேட்டார். அப்பா மடமடவென்று சொன்னார்.

"முப்பதுக்கு இருபத்தெட்டு. எனக்கே இவ்வளவு வராது பெரியவரே."

"கேள்வியெல்லாம் ஈஸியாதான் இருந்துச்சு சார்."

"டாக்டர், வீட்ல வந்து…" என்று அக்கா ஆரம்பித்தாள். அப்பா திரும்பிப் பார்த்தார். பழுதுபார்த்த லிஃப்ட் முதல் தடவை மேலே ஏறும்போது அவர் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

"ஒண்ணுமில்ல டாக்டர்."

‘வயதுக்கேற்ற மறதி’ என்று எழுதினார். அதற்கு அட்டையில் ஒன்றும் கிடையாது.

வெளியே வந்ததும் அப்பா காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்து காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நம்மள எப்போம்மா கூப்பிடுவாங்க?"

5

இதுவரைக்கும்தான் அக்கா சொன்னாள். "மீதிய நீயே எழுது. எழுதுறவன்தானே" என்று எழுந்துபோய்விட்டாள்.

எழுதிப் பார்த்தேன். ஒன்றில், அவள் உள்ளே போய் "நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்கிறாள். டாக்டர் வேறு மூன்று வார்த்தைகள் கேட்கிறார். அப்பா பதில் தேடி மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு… அதற்கு மேல் என் பேனா போகவில்லை. இன்னொன்றில் இருவரும் வீட்டுக்குப் போகிறார்கள். அது இன்னும் சுலபம், இன்னும் மோசம்.

அடுத்த நோயாளியை இன்னும் கூப்பிடவில்லை. டாக்டர் அறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. அக்கா எழுந்துவிட்டாள். அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் எழுதுவதானால் ஒரே ஒரு வேண்டுகோள்: அப்பா காதில் விழாமல் எழுதுங்கள்.