கொதிக்கவைத்த தோல்

அத்தான் எதையும் கொதிக்கவைக்காமல் விடமாட்டார். குடிக்கிற தண்ணீர், பால் கறக்கிற செம்பு, கை துடைக்கிற துணி, எல்லாம் அடுப்பேறித்தான் இறங்கும். சின்ன வயதில் தம்பியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். "கெட்ட தண்ணிதான் அவனக் கொன்னுது" என்பார். கொழுந்தியாள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் கொதிகலன். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவார். அந்த மனுஷனைக் குறை சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

கொழுந்தியாளுக்கு வேலை சிப்ஸ் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில். அங்கே மலையாய்க் குவிகிற உருளைக்கிழங்குத் தோலோடுதான் அவள் பாடு. பச்சை ஓடி முளைவிட்ட கிழங்கின் தோலில் விஷம் ஏறிக் கிடக்கும். மாடு தின்றால் போச்சு. ஆனால் அந்த விஷத்தை வெட்டிப்போடுகிற நொதியும் அதே தோலுக்குள்தான் இருக்கிறது. பச்சையாக அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு பகல் ஊறவிட்டால் நொதி தன் வேலையைப் பார்த்துவிடும். தொழிற்சாலையில் வளர்க்கிற மாடுகளுக்குப் போட்டு, மாதக்கணக்கில் இரத்தம் சோதித்து, அவள் உறுதிசெய்த விஷயம் இது.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. அக்கா வீட்டில் வைக்கோல் தீர்ந்தது. இருந்தது ஒரு கறவை, ஒரு சினைமாடு. அவற்றை நம்பித்தான் அடுப்பே எரிந்தது. "கவலைய விடுக்கா" என்று தோலை மூட்டை மூட்டையாக அனுப்பினாள். செய்முறையை அத்தானிடம் இரண்டு தரம் ஒப்பித்தாள். கொதிக்கவைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. பட்டப்பெயர் வைத்த வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை பாருங்கள்!

சில நாளில் அக்கா ஃபோனில் அழுதாள். இவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கறவை தொழுவத்தில் கால்களை நீட்டிக் கிடந்தது. மேலே சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். சினைமாடு காலித் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

"எப்படிப் போட்டீங்க அத்தான்?"

"நீ சொன்னது ஒண்ணு விடல. அரைச்சேன், ஊற வச்சேன். முதல்ல ஒண்ணுக்குப் போட்டுப் பாக்கலாம்னு கறவைக்குக் குடுத்தேன். எல்லாத்துக்கும் முன்னாடி நல்லா கொதிக்க வேற வச்சேனே. ஒரே மண்ணும் அழுக்குமா இருந்துச்சும்மா."

கொதியில் நொதி செத்துப்போகும். விஷம் அசைந்துகொடுக்காது.

தப்பு தன் செய்முறையில்தான் என்று சொல்லிவிட முடிவுசெய்தாள். பழி தன்னோடு போகட்டும். "என் கணக்குலதான் கோளாறு அத்தான். தோலே வேணாம், எல்லாத்தையும் கொட்டிருங்க."

"கொட்டிட்டு?" என்றாள் அக்கா. "வயித்துப்பிள்ளைக்காரிக்கு எதைப் போடுறது? உன் தலையையா?"

பொய் சொன்னால் இன்னொன்றும் பட்டினியில் சாகும். பாழாய்ப்போன பொய்!

"மூட்டை மிச்சம் இருக்கா?"

"இருக்கு" என்றார் அத்தான். "இந்தத் தடவை இன்னும் நல்லா கொதிக்க..."

"பச்சையா அரைங்க அத்தான். கொதிக்க மட்டும் வைக்காதீங்க."

அவர் அவளையே பார்த்தார். மெல்ல முகம் வெளிறியது.

"அப்போ... அதனாலயா?"

"நான் சொல்லியிருக்கணும். என் தப்புதான்." அவள் விசும்பினாள்.

அவர் தோலை அரைத்தார். தண்ணீரின் சூட்டைத் திரும்பத் திரும்ப விரல் விட்டுப் பார்த்தார். ஊறி முடிந்ததும் சினைமாட்டுக்குப் போட்டார். அது தொட்டி காலியாகும்வரை தின்றது. மறுநாளும் நன்றாகத்தான் நின்றது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அத்தான் குழாயடிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தார். அப்படியே வாயில் வைத்தார்.

"ஐயோ அத்தான், தண்ணிய நீங்க கொதிக்க வைக்கத்தான் வேணும்!"

அவர் முழுதும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தார்.

"தம்பிக்குக் கடைசியா நான்தான் பச்சிலை மருந்து குடுத்தேன்" என்றார். "பச்சையா அரைச்சுக் குடுக்கச் சொன்னாங்க. அதையும் நல்லாத்தான் கொதிக்க வச்சேன்."