வீட்டில் போட்ட புதன்கிழமை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையை நானே எடுத்துவிடுகிறேன்.

ஆலங்கிணற்றில் நாங்கள் கிழமைகளைச் செய்வதில்லை. செய்தால் கட்டுப்படியாகாது. ஏழும் கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து லாரியில் வரும். போன ஐப்பசியில் புதன்கிழமை ஏற்றிய கப்பல் நடுவழியில் எங்கோ மாட்டிக்கொண்டது. செவ்வாயையே திருப்பித் திருப்பி உபயோகித்தோம். நாலாவது தடவை அது சாயம் போய், காலை எது, சாயங்காலம் எது என்றே தெரியவில்லை. நான் இரண்டு தடவை காலைப் பலகாரம் சாப்பிட்டேன். ஒன்று ராத்திரிச் சாப்பாடாம்.

செண்பகவல்லிக்குத்தான் சிரமம். பிரசவம் புதன்கிழமை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார். வலி வந்துவிட்டது, கிழமை வரவில்லை. பிள்ளை எப்படி வெளியே வரும்?

"அப்பளம் போடுதோம், வடகம் போடுதோம். ஒரு புதன்கிழமை போட மாட்டமா?" என்றாள் மகளிர் குழுத் தலைவி தங்கபுஷ்பம். வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்து, உளுந்த மாவும் கொடுத்தாள். எனக்குக் காலை ஏழு மணி. தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை.

எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ஓட்டை. ராகு காலம். அதை வீட்டில் வைத்துப் பிசைய யாருக்கும் மனம் வரவில்லை.

கறுப்புச் சட்டை போடும் டீக்கடைப் பகலவனிடம் போனோம். "நம்பாத ஆளு நீங்கதான் அண்ணாச்சி. செஞ்சு குடுங்க."

"அப்படி ஒண்ணு கெடயாதுன்னு முப்பது வருசமாச் சொல்லுதேன். இல்லாதத எப்படிவே செய்ய?" என்றார். நியாயம்தானே.

அதற்குள் செவ்வாய் கிழிந்தே போனதால், இருந்த புதனை ஓடவிட்டுவிட்டார்கள். பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குப் பிள்ளையின் தலை தெரிந்தது. அதற்கு மேல் நேரம் இல்லை. புருஷன் இசக்கிமுத்து அழுதான்.

"அழுதாப்ல ஆச்சா? மாவக் கொண்டாரும்," என்றாள் செண்பகவல்லி. படுத்தபடியே ராகு காலத்தைத் தானே பிசைந்தாள். அளவு தெரியாது. தாராளமாகவே போட்டாள்.

பெண் பிள்ளை. செண்பகவல்லி ஒன்றரை மணி என்று போட்டது ஆறு வருஷம் இருந்திருக்கிறது. பிள்ளை எழுந்து நின்று, முன்பல் இரண்டும் விழுந்த வாயால், "எம் பை எங்க? மணி அடிச்சிருவாங்க" என்றது.

இசக்கிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சீப்பை எடுத்தான். "ஒத்தச் சடையா, ரெட்டச் சடையா தாயீ?"

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் பிறந்த தேதி கேட்ட இடத்தில் 'இன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.