கை கழுவினால் ஏறும் கோடு

பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஏழு மாதத்தில் பதினொரு குழந்தைகளுக்கு ஒரே கிருமி தொற்றியது. இரண்டு குழந்தைகள் பிழைக்கவில்லை. இரண்டாவது குழந்தை இறந்த மறுநாளே ஆஸ்பத்திரி இயக்குநர் அந்த வார்டின் தலைமை நர்ஸைப் பணியிடை நீக்கம் செய்தார். நர்சுகள் ஒழுங்காகக் கை கழுவவில்லை, கவனிக்க வேண்டியவர் கவனிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு.

அந்தத் தலைமை நர்ஸ், கணக்கம்மாவின் அண்ணி.

கணக்கம்மா என்பது ஆஸ்பத்திரி வைத்த பெயர். மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவளுக்கு வேலை. கிருமிகள் எப்படிப் பெருகும், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எப்படிப் போகும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பாள். டாக்டர்களில் பாதிப் பேருக்கு அவள் என்ன செய்கிறாள் என்றே தெரியாது. மீதிப் பேர் பிரிண்டர் மக்கர் பண்ணும்போது அவளைக் கூப்பிடுவார்கள்.

அண்ணன் குடும்பத்தோடுதான் அவளும் இருந்தாள். பகல் பதினோரு மணிக்கு அண்ணி வீட்டில் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா எல்லாருக்கும் கை கழுவச் சொல்லிக் கொடுத்தேன். கடைசில என்னையே கை கழுவிட்டாங்க, பாரு" என்று அண்ணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"நான் கணக்குப் போட்டுப் பார்க்கறேன் அண்ணி."

"நீ என் நாத்தனார். என்ன சொன்னாலும் வீட்டு ஆளுக்குப் பரிஞ்சு பேசறான்னுதான் சொல்லுவாங்க."

"தப்பு உங்க மேலதான்னு வந்தா அதையும் சொல்லத்தான் செய்வேன்."

அண்ணி அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். "சொல்லு. ஆனா சரியாப் பார்த்துட்டுச் சொல்லு."

கணக்கம்மா கணினிக்குள் அந்த வார்டைக் கட்டினாள். இருபது தொட்டில்கள், பதினான்கு நர்சுகள், மூன்று ஷிப்ட். எந்த நர்ஸ் எந்தக் குழந்தையை எத்தனை முறை தொட்டார் என்பதைப் பதிவேட்டிலிருந்து எடுத்தாள். ஒரு கை கிருமியைச் சுமக்க எவ்வளவு வாய்ப்பு, கழுவினால் அது எவ்வளவு குறையும் என்பதற்கெல்லாம் எண்கள் கொடுத்தாள். அந்தப் பொய் வார்டை ஆயிரக்கணக்கான முறை ஓடவிட்டு, உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டாள்.

ஒத்துவரவில்லை. நர்சுகளின் கை வழியாகப் பரவியிருந்தால் ஒரே நர்ஸ் பார்த்த குழந்தைகளுக்கு அடுத்தடுத்து வந்திருக்க வேண்டும். இங்கே நோய் வார்டின் மூலைக்கு மூலை சிதறிக் கிடந்தது. இன்னொன்றும் இடித்தது. ஐந்தாம் மாதம், ஒவ்வொரு தடவை தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. பதினொன்றில் ஏழு குழந்தைகளுக்கு நோய் வந்தது அதற்குப் பிறகுதான்.

கை கழுவுவது நோயைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்பதையும் கணினியே தேடட்டும் என்று விட்டாள். கூட்டுகிறது என்று வந்தது. கழுவும் எண்ணிக்கை ஏற ஏற, நோயின் கோடும் ஏறியது.

எங்கோ பிழை என்று நினைத்தாள். மூன்று நாள் வரி வரியாகப் பார்த்ததில் ஒரு பிழை அகப்படவும் செய்தது. அதைத் திருத்தினாள். கோடு இன்னும் செங்குத்தாக ஏறியது.

இயக்குநர் அவளது அறிக்கையை இரண்டு விரலால் தள்ளினார். "கை கழுவினா நோய் வருமா? வெளியில சொன்னா சிரிப்பாங்க மேடம்."

"கழுவறதால இல்ல சார். கழுவற இடத்துல ஏதோ இருக்கு. வார்டுக் குழாய்களைச் சோதிக்கணும்."

அவர் முகம் மாறியது. கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் கொட்டும் அந்தக் குழாய்கள் எட்டு மாதத்துக்கு முன் அவர் முன்னின்று போட வைத்தவை. ரிப்பன் வெட்டியதும் அவரே.

"நூத்துக்கு முப்பது தடவைதான் கழுவறாங்கன்னு போட்டு எழுதிக் கொடுங்க. விசாரணைக் குழுவுக்கு அது போதும்."

"சைபர்னு போட்டாலும் வார்டுல நடந்த மாதிரி வராது சார். இப்பவே போட்டுக் காட்டட்டுமா?"

"அந்த நர்ஸ் உங்க அண்ணிதானே?"

"ஆமா சார். அதனாலதான் மூணு தடவை சரிபார்த்தேன். வேற யாராவதா இருந்தா ஒரு தடவையோட விட்டிருப்பேன்."

"இது குழு முன்னால வரக் கூடாது."

"வரும் சார்" என்று சொல்லிவிட்டுத் தாள்களைப் பொறுக்கிக்கொண்டாள். 

நேராகக் கிருமி ஆய்வகத்துக்குப் போனாள். அதன் தலைவருக்கு முசுடு என்று பெயர். அவள் செய்வதை ஜோசியம் என்று ஊரறியச் சொல்பவர். அவர் மேஜையில் பென் டிரைவை வைத்தாள்.

"இதுல எல்லாம் இருக்கு டாக்டர். எப்படியாவது உடைச்சுக் காட்டுங்க. தப்பு நர்சுங்க மேலன்னு இதைச் சொல்ல வச்சுட்டீங்கன்னா, அறிக்கையை நானே கிழிச்சுப் போட்டுடறேன்."

"அரை மணி நேரம் போதும்" என்றார் முசுடு.

ஐந்தாம் நாள் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தார். "எந்த எண்ணைப் போட்டாலும் மசிய மாட்டேங்குது. ஆனா எந்தக் குழாய்னு இது சொல்லலையே?"

"அது இதுக்குத் தெரியாது டாக்டர். உங்க பஞ்சுக்குச்சிக்குத்தான் தெரியும். ஆனா சோதிக்க இயக்குநர் கையெழுத்துப் போடணுமே."

"கிருமி யார்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு உள்ள வந்துச்சாம்?" என்று கேட்டுவிட்டு அவரே வார்டுக்குப் போனார்.

ஒன்பது குழாய்களின் வாயிலும் பஞ்சால் துடைத்து எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. ஒன்றிலும் எதுவும் இல்லை. கணக்கம்மா திரும்பவும் கோட்டின் முன் உட்கார்ந்தாள். கோடு அசையவில்லை.

"வாயில இல்லன்னா உள்ள இருக்கு. கழட்டிப் பாருங்க டாக்டர்."

முசுடு முணுமுணுத்துக்கொண்டே பிளம்பரை அழைத்தார். தண்ணீரைத் தானாகத் திறந்து மூடும் பகுதிக்குள் ஒரு ரப்பர் குழல் இருந்தது. அதன் உட்சுவரில் கொழகொழவென்று பாசிபோல் ஒன்று படிந்திருந்தது. ஒன்பதில் ஆறு குழாய்களில் குழந்தைகளைத் தாக்கிய அதே கிருமி.

விசாரணை நாளன்று, கணக்கம்மாவின் அறிக்கை பட்டியலில் இல்லை என்றார் இயக்குநர். அவள் எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. அவளுக்குப் பக்கத்தில் முசுடுவும் எழுந்து, மூடி போட்ட கண்ணாடிக் குப்பியைக் குழுத் தலைவியின் முன்னால் வைத்தார். உள்ளே அந்த ரப்பர் குழல்.

"பட்டியல்ல இல்லாதது இதுதாங்க" என்றார்.

குழாய்கள் அன்றே கழற்றப்பட்டன. அதற்குப் பின் வார்டில் புதிதாக யாருக்கும் அந்த நோய் வரவில்லை. இயக்குநருக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணிக்கு ஒரு கடிதம் வந்தது. அவரது குறைகள் மன்னிக்கப்பட்டு மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார் என்று அதில் இருந்தது.

அண்ணி சீருடை போட்டுக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போய்க் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மன்னிக்கிற அளவுக்கு நான் என்ன சார் பண்ணேன்?"

"ஒரு வார்த்தைதானேம்மா."

"ஒரு வார்த்தைதான் சார், அடிச்சிடுங்க. இன்னொண்ணு. உண்மையை எழுதி, குழந்தையைப் பறிகொடுத்த அந்த ரெண்டு அம்மாக்களுக்கும் அனுப்பணும்."

"அதெல்லாம் வெளியில போகக் கூடாது."

அவர் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் அண்ணி மூன்று நாள் உட்கார்ந்தாள். ஷிப்ட் முடிந்த நர்சுகள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள், குற்றச்சாட்டு தவறானது என்று புதுக் கடிதம் வந்தது. தாய்மார்களுக்கு மட்டும் எதுவும் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணியும் நாத்தனாரும் கிளம்பினார்கள்.

முதல் வீட்டில் கதவைத் திறந்தவள் அண்ணியைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினாள். உள்ளே அழைக்கவில்லை. வாசலில் நின்றபடியே கணக்கம்மா நடந்ததைச் சொன்னாள். கோட்டைக் காட்டினாள், குழாயைச் சொன்னாள், கழுவக் கழுவக் கிருமி வந்த கதையைச் சொன்னாள்.

அந்தப் பெண் தாளில் இருந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "ஒரு நாள் அவசரத்துல கை கழுவாமத் தொட்டுட்டேன்" என்றாள். "அதனாலதான்னு இத்தனை நாளா… அவர்கிட்டகூட சொல்லல."

"அதனால இல்லம்மா. நீ கழுவாததால வரல" என்றாள் அண்ணி.

"நிச்சயமாவா?"

கணக்கம்மா நிச்சயம் என்ற சொல்லை லேசில் சொல்பவள் அல்ல. பத்தாயிரம் முறை ஓட்டிப் பார்த்தாலும் மிச்சம் இருக்கும் சந்தேகத்தை எழுதி வைப்பதுதான் அவள் தொழில். "பதினொரு பேருக்கும் ஒரே கிருமி. அது குழாய்க்குள்ள இருந்தது. நிச்சயம்" என்றாள்.

"எழுதிக் கொடுப்பீங்களா? ஆஸ்பத்திரில ஒரு காகிதமும் தரல."

வெளியில் போகக் கூடாது என்ற உத்தரவு இருவருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை.

"பேனா இருக்கா?" என்று கேட்டாள் கணக்கம்மா. அறிக்கையின் கடைசிப் பக்கத்தைச் சுவரில் வைத்து, குழந்தை எப்படி இறந்தது என்பதை நான்கு வரியில் எழுதி, கீழே முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டாள். அண்ணி பேனாவை வாங்கி அதன் பக்கத்திலேயே தன் கையெழுத்தையும் போட்டாள்.

இரண்டாவது வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. நடந்தே போனார்கள்.