ஆடிக்காற்றில் காஷ்மீர்

என் வீட்டுக்காரர் ஜெகபர் அலிக்கு இல்லை என்று சொல்ல வராது. பாலக்கரையில் மெத்தை தைக்கிற ஆளுக்கு அந்த ஒரு வார்த்தை வராவிட்டால் வீட்டில் இருக்கிறவள் என்ன பாடுபடுவாள் என்று யாரும் யோசிப்பதில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம். பொன்மலை மட்டுவார்குழலி அம்மா, மகள் சகுந்தலாவின் கல்யாண மெத்தைக்காக வீட்டு மரத்து இலவம்பஞ்சைச் சேர்த்து வைத்து எங்களிடம் கொடுத்திருந்தார். ஆவணி முதல் முகூர்த்தம். மெத்தை இல்லாமல் பெண் புகுந்த வீட்டுக்குப் போனால் அந்தத் தாய்க்குத் தலைக்குனிவு. அதற்குப் பிறகு எங்களை நம்பி யார் பஞ்சு கொடுப்பார்கள்? தும்மித் தும்மிக் கொட்டை எடுத்து மூட்டை கட்டி வைத்தவள் நான்.

ஆடிக் கடைசியில் ஒரு நாள் பார்க்கிறேன், மூட்டைகளைக் காணோம்.

"பொருட்காட்சிக்குக் குடுத்திருக்கேன்," என்றார் அவர். "பந்தல் போடுற தர்மராஜ் அங்க காஷ்மீர் மாதிரி செட்டு போட்டிருக்காரு. பனிக்குப் பஞ்சு பத்தலையாம். ஞாயித்துக்கிழமை முடிஞ்சதும் எடுத்துட்டு வந்துடலாம்."

"ஆடிக்காத்துல யாராவது இலவம்பஞ்சைத் திறந்து வைப்பாங்களா?"

"மேல வலை போட்டிருக்காங்க, ஷரீபா."

வலையாம். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன். காஷ்மீருக்குத் தனி டிக்கெட்டாம், அது இல்லாமல் விடவில்லை. வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மைதானத்து மூலையில் தட்டியும் சாக்கும் வைத்து மலை கட்டியிருந்தார்கள். அதன் மேல் என் பஞ்சு. கீழே வெட்டிய குட்டையில், காஷ்மீர்ப் படகு என்று காகிதப்பூ சுற்றிய காவிரிப் பரிசல் ஒன்று. ஸ்ரீரங்கத்துப் பரிசல்காரர் வீரமலை கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்து வழிந்தபடி அதை ஓட்டிக்கொண்டிருந்தார். திட்டத்தான் போனேன். பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"அம்மா, பனி எவ்வளவு வெள்ளையா இருக்கு பாருங்க."

பக்கத்தில் சகுந்தலா. அவளோடு மட்டுவார்குழலி அம்மா. துப்பட்டியை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

"நம்ம வீட்டுப் பஞ்சு இதைவிட வெள்ளைடி," என்றார் அந்த அம்மா.

அப்போதுதான் காற்று வந்தது. வலை ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டது. மலை மேலிருந்த பஞ்செல்லாம் எழும்பி, மெல்ல மெல்ல எங்கள் தலையில் இறங்கியது. திருச்சியில் பனி பெய்தது. கடலை விற்றவர் வியாபாரத்தை மறந்து அண்ணாந்து பார்த்தார். கைத்தடி ஊன்றி வந்த பெரியவர்கள்கூடச் சிரித்தார்கள். சகுந்தலா தலை நிறையப் பஞ்சோடு, கையை விரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள்.

நான் மட்டும் அழுதேன். "சகுந்தலா, அது உன் மெத்தைம்மா," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"என்ன சொல்ற ஷரீபா?" மட்டுவார்குழலி அம்மாவின் முகம் கறுத்தது. மேலே கையைக் காட்டினேன்.

சகுந்தலா எங்கள் இருவரையும் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்தவே முடியவில்லை.

"என் மெத்தையைப் பாக்கவா அம்மா நாம டிக்கெட் வாங்கினோம்?"

பெற்றவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது. சகுந்தலா முந்தானையை விரித்துப் பிடித்தாள். "எல்லாரும் கொஞ்சம் பொறுக்கிக் குடுங்க. ஆவணியில எனக்குக் கல்யாணம்."

கல்யாணம் என்றால் நம் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? துண்டிலும் முந்தானையிலும் பஞ்சு வந்து குவிந்தது. வீரமலை குட்டையில் இறங்கி நனைந்த பஞ்சை அள்ளினார். சேதி எட்டி என் வீட்டுக்காரர் சாக்கோடு ஓடி வந்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

குறைந்த பஞ்சுக்கு எங்கள் வீட்டுத் தலையணைகளைப் பிரித்தேன். அவருடையதைத்தான் முதலில்.

நனைந்ததைக் காயவைத்து, எல்லாவற்றையும் மறுபடி உட்கார்ந்து ஆய்ந்தேன். கடலைத்தோல், காகிதப்பூ, அதோடு யாரோ தவறவிட்ட ஒரு டிக்கெட். 'காஷ்மீர். ஒருவர் மட்டும்' என்று அச்சடித்திருந்தது. எறிய மனசு வரவில்லை. என் டிக்கெட்டையும் தேடி எடுத்து, இரண்டையும் பஞ்சுக்கு நடுவில் வைத்துத் தைத்துவிட்டேன்.

புதுசாகக் கல்யாணமானவள் தனியாகவா போவாள்?