வெந்நீர்க் குளமும் யோகேஸ்வரன் சாரும்

யோகேஸ்வரன் சாரைத் தெரியாதவன் ஹட்டனில் இருந்தால், அவன் நேற்றுதான் பஸ்ஸில் வந்து இறங்கியவனாக இருக்கணும். நீச்சல் குளமே இல்லாத கல்லூரிக்கு வருசம் தவறாமல் அகில இலங்கை நீச்சல் கேடயத்தை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர். அவருடைய அணிப் பிள்ளைகள் நீந்திப் பழகியதெல்லாம் மஸ்கெலியா போகிற வழியில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து அணைக்கட்டில். விடியக்காலையில் அந்தத் தண்ணீரில் காலை வைத்தால் உயிர் உச்சந்தலைக்கு ஏறும். சார் எதிர்க்கரையில் நிற்பார். தடித்த கம்பளி ஜாக்கெட், காதை மூடிய தொப்பி, கையில் சுடச்சுட இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ.

"என்னா புள்ள, பொணம் மாதிரி மெதக்குற? கைய வீசு!" என்று கத்துவார். ஒரு வாய் உறிஞ்சுவார். மறுபடி கத்துவார்.

வெற்றியின் இரகசியம் என்ன என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால், "எல்லாம் என்னோட முறை" என்பார். அது என்ன முறை என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் மனதார நம்பினார்.

இந்த வருசம் பிடித்தது சனி. பழைய மாணவர் சங்கத் தலைவர் கணேசமூர்த்தி, கல்லூரி வளவுக்குள்ளேயே வெந்நீர்க் குளம் கட்டிக் கொடுத்தார். வாசலில் சாருடைய பெயர், அதுவும் தங்க எழுத்தில். புது வீட்டுக்குக் குடிபோவது போல ஐயரைக் கூப்பிட்டு, குளத்தோரம் பால் பொங்க வைத்துத் திறந்தார்கள். சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிள்ளைகளுக்கும் கலங்கியது, சுகத்தில். தோட்டத்து லயன் வீட்டு அடுப்பில் சுடவைத்து, வாளியில் பங்கு போட்டுக் குளித்த பிள்ளைகள். குளம் நிறைய வெந்நீரைக் கண்டால் நீந்துவார்களா? எருமை மாதிரிக் கிடந்தார்கள். ஒருத்தி சவர்க்காரத்தோடு வந்துவிட்டாள்.

மாகாணப் போட்டியில் மூன்றாம் இடம். "பேரை எழுதினதும் மவுசு போயிருச்சு" என்று டவுனில் கேலி பேசினார்கள். அகில இலங்கைப் போட்டி நெருங்கிவிட்டது. அங்கேயும் தோற்றால் அந்தத் தங்க எழுத்துக்குக் கீழே எந்த முகத்தோடு நிற்பது? சாருக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாரையும் பழையபடி அணைக்கட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஒரு பிள்ளையும் இறங்கவில்லை.

"நீங்க மொதல்ல எறங்குங்க சார்," என்றாள் அணித்தலைவி தனுஷிகா. "நீங்க நீந்தி வந்தா, நாங்களும் எறங்குறோம்."

சொன்னதோடு விட்டாளா? சாருடைய ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, அணியோடு எதிர்க்கரைக்குப் போய் நின்றாள்.

சார் நீச்சல் கற்றது மட்டக்களப்பு வாவியில், வெதுவெதுப்பான தண்ணீரில். இந்தத் தண்ணீரில் இத்தனை வருசத்தில் அவருடைய சப்பாத்துக்கூட நனைந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு குதித்தார்.

அடி ஆத்தா! நெஞ்சு நின்று, பிறகு யோசித்து ஓடியது. ஆறாம் வகுப்புப் பொடிசுகளை எல்லாம் இதிலேதான் இறக்கிவிட்டோமா? வெட்கம் பிடுங்கித் தின்றது. வாழ்க்கையில் நீந்தாத வேகத்தில் நீந்தினார். கரையில் தவழ்ந்து ஏறியபோது பல்லோடு பல் அடித்தது.

"இத்தன வருசமா... என்னைய ஏன் புள்ள... ஒருத்தரும் அடிக்கல?"

தனுஷிகா ஜாக்கெட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டாள்.

"அடிக்கத்தானே சார் அம்புட்டு வேகமா வந்தோம். கரைக்கு வந்து சேரும்போது கை மரத்துப் போயிருக்கும்."