மங்காத பல்பு

டிஜிட்டல் பாட்டைக் காதுக்கான ஒலியாக மாற்றித் தரும் பழைய டேக் பெட்டி அது, மனைவியின் அண்ணனுடையது. அதை மேம்படுத்தித் தருவதாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. உள்ளேயிருக்கும் சிப் இனி எந்தக் கடையிலும் கிடைக்காது.

பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்களை மாற்றியாயிற்று. எங்காவது தப்பிருந்தால் சிப் பொசுங்கிவிடக் கூடாதென்று, கரண்ட் வரும் வழியில் ஒரு குண்டு பல்பைக் கோத்து ஸ்விட்சைப் போட்டார். எல்லாம் சரியென்றால் பல்பு ஒருமுறை மின்னி மங்க வேண்டும். மங்கவில்லை.

“நல்ல வெளிச்சம் மாப்ளே. பாட்டு எங்க?” என்றார் மச்சான், நாற்காலியை இழுத்துப் போட்டபடி.

“கொஞ்சம் பொறுங்க மச்சான், சூடாகணும்ல.”

சூடேறியது அவர் காதுமடலில்தான். ஸ்விட்சை அணைத்துவிட்டுக் குனிந்தார். போர்டில் பிளஸ் குறியிட்ட துளைப்பக்கம், புதிய கெப்பாசிட்டரின் மைனஸ் கோடு பல்லை இளித்தது. இருமிச் சமாளித்தபடி அதைப் பிடுங்கி, வேறொன்றைத் திசை பார்த்துப் பற்றவைத்தார்.

மறுபடி ஸ்விட்ச். பல்பு பளிச்சிட்டது, தயங்கியது, ஒருவழியாக மங்கியது. பாட்டு வந்தது.

மச்சான் உதட்டைப் பிதுக்கினார். “முன்ன மாதிரியேதான பாடுது?”

அதைவிட இனிய பாராட்டை மாப்பிள்ளை அந்த வீட்டில் கேட்டதேயில்லை.