கார் ஸ்பீக்கரில் வந்த குரல்

வினீத்தின் காரை இசக்கி சில வருடங்களாக ஓட்டிவந்தான். அதில் பழைய ஸ்டீரியோ இருந்தவரை, வினீத்தின் சி.டி.க்கள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் திக்கித் திக்கிப் பாடும். ஓணத்துக்கு முன்பு புதிய செட் மாட்டினார்கள். சி.டி., பென் டிரைவ், போன் எல்லாம் அதில் ஓடும். ஒரே தொல்லை, வினீத்தின் போன் பக்கத்தில் வந்தால் போதும், அந்த செட் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு அதோடு ஒட்டிக்கொள்ளும். போனில் எதைத் தட்டினாலும் சத்தம் காரில்தான் வரும்.

"வீட்டுக்குள்ள போகும்போது ப்ளூடூத்தை அணைச்சிருங்க சார்" என்று இசக்கி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். வினீத் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர்க் கோயில் கொடையில் பதிவு செய்த நையாண்டி மேளத்தைப் பென் டிரைவில் ஓடவிட்டு, போர்ட்டிகோவில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான் இசக்கி. மேளம் சட்டென்று நின்றது. ஒரு பெண் மலையாளத்தில் பேசினாள்.

"வினீதே, நல்லவேளை நீ சொன்னாய். டீசல் திருடுகிற ஆளை நான் எப்படி வேலைக்கு வைப்பது? இந்தப் பாண்டிகள் எல்லாம் இப்படித்தான், அல்லே?" தமிழர்களை மலையாளிகள் இளக்காரமாகக் கூப்பிடும் அந்த வார்த்தையோடு ஒரு சிரிப்பு.

குரலைக் கேட்டதுமே இசக்கிக்கு ஆள் தெரிந்துவிட்டது. லிபி. வினீத்துக்குத் தெரிந்தவள், பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறாள். நோயாளிகளை ஏற்றி இறக்க டிரைவர் வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். இசக்கி வினீத்திடம் சொல்லிவிட்டுத்தான் போய்க் கேட்டான். "நம்ம சாரையே விசாரிச்சுக்கோங்க மேடம்" என்று பெருமையாக வேறு சொல்லிவிட்டு வந்திருந்தான்.

மாடியில் வினீத்துக்குப் போனிலிருந்து எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. சத்தத்தைக் கூட்டி அந்த வாய்ஸ் மெசேஜை மறுபடி தட்டினார். லிபியின் குரல் போர்ட்டிகோ அதிர வந்தது. மூன்றாவது முறை வந்தபோது, பக்கத்து வீட்டில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மைதீன் குழாயை மூடிவிட்டு மதிலோரம் வந்து நின்றார்.

இசக்கி துடைக்கும் துணியை வீசிவிட்டு மாடியைப் பார்த்துக் கத்தினான். "சார், கீழ வாங்க."

வினீத் போனைத் தட்டிப் பார்த்தபடியே இறங்கி வந்தார். "இதுக்கு எந்து பற்றி?"

"போனுக்கு ஒண்ணும் ஆகல. எல்லாம் இங்க கேட்டாச்சு. பக்கத்து வீட்டுக்கும் கேட்டாச்சு."

வினீத்தின் முகம் வெளுத்தது. ஆனால் மறுகணமே குரல் உயர்ந்தது. "வேறொருத்தருக்கு வந்த மெசேஜ் நீ எந்தினா, எதுக்குக் கேட்டே?"

"நான் எப்ப சார் டீசல் திருடினேன்? அதைச் சொல்லுங்க."

வினீத் மதில் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எடா, நீ போனா இத்தனை விஸ்வாசமுள்ள டிரைவரை நான் எங்க போய்த் தேடுவேன்? உன்னை விட மனசில்ல. அதுக்காக ஒரு வார்த்தை சொன்னேன். அத்ரயே உள்ளூ, அவ்வளவுதான்."

நம்பிக்கையான ஆள் என்பதற்காகத் திருடனாக்கியிருக்கிறார். அடித்திருந்தால்கூட இசக்கிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"உண்மையை அவங்களுக்குச் சொல்லுங்க. இப்பவே, இந்த வண்டியில உட்கார்ந்து."

"அப்புறம் பார்க்கலாம்."

"அப்புறம் இல்ல சார்."

மைதீன் மதிலை விட்டு நகரவில்லை. வினீத் காருக்குள் உட்கார்ந்து போனில் பேசிப் பதிவு செய்தார். "லிபி, எனக்குக் கொஞ்சம் தெற்றிப் போச்சு, தப்பாச் சொல்லிட்டேன் போல..."

"தெற்றலை சார். பொய் சொன்னீங்க. அழிச்சிட்டு மறுபடி சொல்லுங்க."

இரண்டாவது தடவை வினீத் சொன்னார், இசக்கி எதையும் திருடியதில்லை என்றும், அவனை விட மனமில்லாமல் தானே இட்டுக்கட்டிச் சொன்னது என்றும்.

சற்று நேரத்தில் லிபியின் பதில் ஸ்பீக்கரில் வந்தது. "ஐயோ கஷ்டம். ஆளை நாளைக்கே வரச்சொல்லு." அவ்வளவுதான். சிரித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இசக்கி சாவியை பானெட் மேல் வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தான். பஸ் ஸ்டாப்பில் நின்று லிபிக்குப் போன் போட்டான்.

"வர்றேன் மேடம். ஆனா காலையில பாண்டின்னு சொல்லிச் சிரிச்சீங்கள்ல, அது ஸ்பீக்கர்ல எனக்கும் கேட்டுது. இனி அந்தப் பேச்சு வேண்டாம்."

மறுமுனையில் லிபி, "ஸாரி இசக்கி" என்றாள். அந்தக் காலையில் அவனிடம் முதலில் மன்னிப்புக் கேட்டது அவள்தான். ஆனாலும் மனம் ஆறவில்லை. கரமனையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வந்து சேர்ந்து, மனைவி அனுஷாவிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். அவள் கேட்டுவிட்டுச் சோறு போட்டாள். அவனால் சாப்பிட முடியவில்லை.

சாயங்காலம் வினீத்தின் போன் வந்தது. அனுஷாவும் கேட்கட்டும் என்று இசக்கி அதை ஸ்பீக்கரில் போட்டான்.

"இசக்கி, நடந்தது நடந்து போச்சு. நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஏர்போர்ட் வரை வந்துட்டுப் போ, கேட்டோ."

இசக்கி வாய் திறப்பதற்குள் அனுஷா போனைக் கையில் எடுத்தாள். "ஏன் சார், திருடன்கிட்டயா வண்டியைக் குடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் துண்டித்தாள்.